தலைக் குழாயில் மூன்று கோடுகள்

அடுத்த வாரத்திலிருந்து என் தரச் சோதனை மேசையில் நீங்கள் உட்காரப் போகிறீர்கள். சன்னல் பக்க நாற்காலி யாருக்கு என்று இப்போதே உங்களுக்குள் பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த நாற்காலி வேண்டாம். மதிய வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். அதற்குப் பிறகு பெயிண்ட்டில் இருக்கும் சின்னக் குறை எதுவும் தெரியாது. இதை முதல் வரியிலேயே சொன்னால் பயமுறுத்துகிறேன் என்று நினைப்பீர்களோ என்று யோசித்தேன். சொல்லாமல் விட்டால் இன்னும் மோசம் என்று பிறகு தோன்றியது. நான் இப்படித்தான்.

வேலை அனுபவம் எழுதுகிறவர்கள் தலை நரைத்து, பிரிவுபசார விழாவில் கடிகாரம் வாங்கிக்கொண்ட பிறகு எழுதுவார்கள். எனக்கு இன்னும் அந்த வயது வரவில்லை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கிறது. மூத்தவன் குழந்தைகள் காப்பகத்துக்குப் போக மாட்டேன் என்று தினமும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். அதனால் வேலையை விடுகிறேன். சரியான முடிவுதானா என்று கேட்காதீர்கள், நானே தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "போறதுக்கு முன்னால புதுப் பிள்ளைங்களுக்கு ஏதாவது எழுதி வெச்சுட்டுப் போ" என்று நம் மேலாளர் மிஸ்டர் லிம் சொன்னார். கருவிகளை எப்படிப் பிடிப்பது, பெயிண்ட்டின் கனத்தை எப்படி அளப்பது என்பதெல்லாம் பயிற்சியில் வந்துவிடும். வராத ஒன்றைச் சொல்கிறேன். லாரி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கும்போது உங்களில் ஒருவருக்கு மட்டும் சந்தேகம் வந்தால் என்ன செய்வது?

நாம் செய்வது மோட்டார் சைக்கிளின் ஃபிரேம். வண்டி வாங்குகிறவர்கள் எஞ்சினைக் கேட்பார்கள், நிறத்தைப் பார்ப்பார்கள், சீட்டில் உட்கார்ந்து ஆடிப் பார்ப்பார்கள். ஃபிரேம் எப்படி என்று கேட்டு வாங்கிய ஒருவரை நான் பார்த்ததில்லை. துருப்பிடித்த பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும். மலாக்காவில் கடல் காற்றும் மழையும் மாறி மாறி அடிக்கின்றன. பாச்சாங்கில் எங்கள் வீட்டு வரிசையில் பாதி மோட்டார்கள் கூரை இல்லாமல்தான் நிற்கின்றன. என் கணவருடைய பழைய வண்டியில் சீட்டைத் தூக்கினால் பழுப்புத் தூள் கொட்டும். "மிளகாய்த்தூள் மாதிரி இருக்கு, எடுத்து ரசத்துல போடு" என்பார். எனக்குச் சிரிப்பு வராது. அந்த வண்டியில்தான் என் பிள்ளை முன்னால் உட்கார்ந்து போகிறான்.

இந்தப் பயத்தோடுதான் நான் புக்கிட் ரம்பாயில் இந்தத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தேன். ஒரு பொருளை மூன்று தடவை பார்ப்பேன். திருகாணிப் பெட்டியில் தூசி இருக்கிறது என்று ஒருமுறை லைனையே நிறுத்தினேன். அது தூசி இல்லை, பெட்டியின் அட்டைத்தூள். அதிலிருந்து நான் எதைக் கேட்டாலும் சேகர் அண்ணன் ஒரே பதில் வைத்திருந்தார்.

"தங்கச்சி, வீட்டுல கேஸ் மூடிட்டு வந்தியா?"

சுற்றி நிற்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அப்புறம் ஓரமாகப் போய்க் கணவருக்கு ஃபோன் போட்டு, மூடினேனா என்று கேட்பேன்.

சேகர் அண்ணனை உங்களுக்குத் தெரியும், தயாரிப்புப் பிரிவு சூப்பர்வைசர். பெம்பானிலிருந்து தினமும் மோட்டாரில் வருகிறார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் கண்ணாடியில் நெற்றியைப் பார்த்து விபூதிப் பட்டையைச் சரிசெய்த பிறகுதான் உள்ளே வருவார். பட்டை இல்லாத சேகர் அண்ணனை இந்தத் தொழிற்சாலையில் யாரும் பார்த்ததில்லை. ஆயுத பூஜைக்கு லைனை ஒரு மணி நேரம் நிறுத்தித் தர வேண்டும் என்று அவர் வருஷா வருஷம் கேட்டார். மிஸ்டர் லிம் வருஷா வருஷம் "பார்க்கலாம்" என்றார். நான் சொல்லப்போகும் வருஷத்தில்தான் சம்மதம் கிடைத்தது. "ஒரு குறையும் வராது பாஸ், நான் பொறுப்பு" என்று சேகர் அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார்.

பூஜையன்று நான் விடுப்பில் இருந்தேன், மகனுக்குக் காய்ச்சல். அவன் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே வாட்ஸ்அப்பில் படங்களைப் பார்த்தேன். வாழை இலை, பொரி, கடலை, சுண்டல். மிஸ்டர் லிம் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறார். மற்றப் படங்களில் எல்லாம் நம்மவர்களின் பற்கள்தான். அவ்வளவு சந்தோஷம்.

அதற்கு அடுத்த வாரக் கடைசியில் ஒரு புது வாடிக்கையாளருக்கு முதல் லோடு போக வேண்டும். அந்த ஆர்டரை நம்பித்தான் இரண்டாவது ஷிஃப்டுக்கு ஆள் எடுத்திருந்தார்கள். முதல் லோடிலேயே பெயிண்ட் உரிந்தால் ஆர்டர் போய்விடும், அந்த ஆட்களும் போக வேண்டியதுதான். இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதனால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒவ்வொரு நாள் தயாரிப்பிலிருந்தும் ஒரு ஃபிரேமை எடுத்து உப்புப் புகைப் பெட்டிக்குள் வைப்போம் அல்லவா? கடலோரத்தில் வருஷக்கணக்கில் படுகிற பாட்டை அந்தப் பெட்டி சில நாட்களில் கொடுத்துவிடும். லாரி வரவேண்டிய நாள் காலையில் நானும் என்னோடு சோதனை பார்க்கும் ஃபரிடாவும் பெட்டியைத் திறந்தோம். மற்ற நாட்களின் ஃபிரேம்கள் எல்லாம் கழுவி வைத்த தட்டுபோல் இருந்தன. ஒன்றில் மட்டும் தலைக் குழாயில், அதாவது ஹேண்டிலும் முன்சக்கரக் கவையும் வந்து பொருந்தும் அந்தக் குட்டைக் குழாயில், பெயிண்ட் பொடிப்பொடியாகக் கொப்பளித்திருந்தது. வியர்க்குரு மாதிரி.

"ஹூக் பட்டிருக்குலா" என்றாள் ஃபரிடா. லைனில் ஃபிரேமைத் தொங்கவிடும் கொக்கி உரசினால் சில சமயம் இப்படி வரும்.

மிஸ்டர் லிம்மும் வந்து பார்த்தார். "ஹூக்தான். இந்த ஒண்ணை ஒதுக்கு. மத்ததெல்லாம் ஓகே. லாரி மூணு மணிக்கு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் போகவில்லை. கொப்புளங்கள் கண்டபடி இல்லை, வரிசையாக இருந்தன. ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று படுக்கை வரிசைகள். நடு வரிசை கொஞ்சம் நீளம். அதன் நடுவில் வட்டமாக ஒரு கொத்து. கொக்கி எதற்கு மூன்று கோடு போடும்? போட்டுவிட்டு எதற்குப் பொட்டு வைக்கும்?

தினமும் காலையில் மூன்று விரலால் என் மகன் நெற்றியில் நான் இழுக்கிற கோடு இது. அவன் நெளிவான், நடுவிரல்தான் தள்ளிப் போகும்.

ஃபிரேமில் கட்டியிருந்த சீட்டைத் திருப்பினேன், பூஜை நாள் தேதி. என் விரல்களைக் காற்றில் வைத்து அளந்து பார்த்தேன். ஃபரிடா என்னைப் பார்த்து, "உனக்கும் காய்ச்சலா?" என்று கேட்டாள்.

உங்களுக்கு இந்த இடத்தில் எல்லாம் விளங்கியிருக்கும். எனக்கும் விளங்கியது. ஆனால் விளங்கியதை நம்ப முடியவில்லை. மேகத்தில் யானையைப் பார்ப்பதுபோல நானே எதையாவது கற்பனை செய்கிறேனா? அட்டைத்தூளுக்கு லைனை நிறுத்தியவள்தானே? அதோடு, இதை வெளியே சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். இத்தனை வருஷம் கேட்டுக் கிடைத்த பூஜை அதோடு சரி. அதுவும் நம்ம பெண் ஒருத்தி வாயால்.

முதலில் கேட்டுப் பார்ப்போம் என்று பெயிண்ட் லைனுக்கு இறங்கினேன். அங்கே ஃபிரேம்களைக் கொக்கியில் ஏற்றுகிறவர் பூங்கொடி அக்கா. பெயிண்ட் ஏறுவதற்கு முன் இரும்பு ஒரு சாம்பல் நிறக் குளியலில் முங்கி வரும். அந்தப் பூச்சுதான் பெயிண்ட்டுக்குப் பிடிப்பு. அந்த நிலையில் வெறுங்கையால் தொட்டால் கைவியர்வையில் இருக்கும் உப்பு ஒட்டிக்கொள்ளும். அக்கா ஒருநாளும் தொட்டதில்லை. மூக்கு அரித்தால்கூடக் கையுறையைக் கழற்றாமல் தோள்பட்டையில் தேய்த்துக்கொள்வார்.

"அக்கா, பூஜை அன்னிக்கு லைனை நிறுத்தினப்போ ஃபிரேம் தொங்கிட்டு இருந்துச்சா?"

"ஆமா, அன்னிக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டியது அத்தனையும் குளிச்சிட்டு வந்து வரிசையா நின்னுச்சு. ஏன்மா?"

"அதுக்கு யாராச்சும் விபூதி வெச்சாங்களா?"

அக்காவின் முகம் மலர்ந்தது. "யாராச்சும் என்ன, நான்தான் வெச்சேன்! நல்லா குழைச்சு, பட்டை போட்டு, நடுவுல குங்குமம். தலைக் குழாய்தானே வண்டிக்கு நெத்தி? பார்க்க எப்படி இருந்துச்சு தெரியுமா! நீதான் வரல."

"கையுறை போட்டுக்கிட்டா?"

"ஏய், உறை போட்ட கையால சாமிக்கு வைப்பாங்களா? உங்க வீட்டுல அப்படியா பழக்கம்?"

"எத்தனை ஃபிரேமுக்குக்கா?"

"எல்லாத்துக்கும்தான். ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணுக்கு வைக்காம விட்டா அது பாவமில்ல? நானும் கூட ரெண்டு பேரும் கடைசி வண்டி வரைக்கும் நடந்து நடந்து வெச்சோம். அப்புறம் லைன் ஓடறதுக்கு முன்னாடி சுத்தமா தொடச்சிட்டோம்லா. ஒரு புள்ளி இல்ல."

கண்ணுக்கு ஒரு புள்ளியும் இருந்திருக்காது. அந்தச் சாம்பல் பூச்சு பஞ்சு மாதிரி. குழைத்த விபூதியின் ஈரத்தையும் விரல் வியர்வையையும் உள்ளே குடித்துவிடும். மேலே துடைக்கலாம், உள்ளே போன உப்பைத் துடைக்க முடியாது. அதன் மேல் பளபளவென்று பெயிண்ட்டும் ஏறியாயிற்று. நான் பெட்டியில் பார்த்ததைச் சொன்னேன். அக்கா இடுப்பில் கை வைத்தார்.

"சாமிக்கு வெச்சதும்மா அது. அது எப்படித் துருப்பிடிக்கும்? என் நெத்தியில இத்தனை வருஷமா வைக்கிறேன், துருவா பிடிச்சிருக்கு?"

நான் அவர் நெற்றியைப் பார்த்தேன். துரு இல்லை.

இதற்குள் சேகர் அண்ணனுக்குச் செய்தி போய்விட்டது. என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கேலி இல்லாத அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

"தங்கச்சி, லாரி மூணு மணிக்கு. பாஸ் என்ன சொன்னாரு? ஹூக்னு சொன்னாரா?"

"ஆமாண்ணா."

"அப்போ ஹூக்தான். பாஸே சொல்லிட்டாரு. நீ பொய் சொல்ல வேணாம், சும்மா இருந்தா போதும்."

"அந்த லோடுல முக்கால்வாசி பூஜை அன்னிக்குச் செஞ்சதுண்ணா."

"ஒரு ஃபிரேம்தானே கொப்பளிச்சிருக்கு? பெட்டியில போட்டது அது ஒண்ணுதானே? மத்ததும் கொப்பளிக்கும்னு உனக்குத் தெரியுமா? உறுதியா சொல்லு, நானே போய் லாரியை நிறுத்தறேன்."

உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. என் வாழ்க்கையில் நான் எதையும் உறுதியாகச் சொன்னதில்லை. கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதே "அப்படித்தான் நினைக்கிறேன்" என்றேன். அண்ணன் சொன்னதில் நியாயமும் இருந்தது. ஒரே ஒரு ஃபிரேம். அதை வைத்து முதல் லோடை நிறுத்தி, அது தவறாகப் போனால் வாடிக்கையாளர் அதற்கே ஆர்டரை ரத்து செய்யலாம். அனுப்பி, ஆறு மாதத்தில் எல்லா வண்டியிலும் கொப்புளம் எழும்பினாலும் ரத்துதான். எந்தப் பக்கம் போனாலும் வேலை போவது இரண்டாவது ஷிஃப்டு ஆட்களுக்குத்தான்.

கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். காப்பகத்துக்கு ஃபோன் போட்டு மகன் சாப்பிட்டானா என்று கேட்டேன். சாப்பிட்டான். அதைக் கேட்டு என்ன ஆகப் போகிறது? ஆனால் ஒன்று கவனித்தேன். ஃபோனை வைத்ததும் மனம் அடங்கியிருந்தது. பயத்தோடு உட்கார்ந்திருக்கவில்லை, ஒரு கேள்வி கேட்டேன், பதில் வந்தது. லாரியைப் பற்றியும் நான் செய்ய வேண்டியது அதுதான் என்று பட்டது. போகலாமா வேண்டாமா என்பது என் கேள்வி இல்லை. மற்ற ஃபிரேம்களும் கொப்பளிக்குமா என்பதுதான் கேள்வி. அதை ஃபிரேமிடமே கேட்கலாம்.

மிஸ்டர் லிம்மின் அறைக் கதவைத் தட்டினேன்.

"பாஸ், எனக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் வேணும். லோடுலேர்ந்து ரெண்டு ஃபிரேமை வெந்நீர்ல போட்டுப் பார்க்கணும்."

பெயிண்ட்டுக்கு அடியில் உப்பு மாட்டிக்கொண்டிருந்தால் வெந்நீர் அதை எழுப்பிவிடும். பெட்டியில் நாள்கணக்கில் தெரிவது வெந்நீரில் சில மணி நேரத்தில் தெரியும்.

"லாரி?"

"லாரி நிக்கட்டும் பாஸ்."

இந்த வார்த்தைகளை நான்தான் சொன்னேனா என்று எனக்கே ஆச்சரியம். அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "ஹூக் இல்லைன்னு நினைக்கிறியா?"

"நினைக்கிறேன் பாஸ். உறுதியா தெரியாது. அதனாலதான் கேட்கிறேன்."

"அஞ்சு மணி" என்றார். "அதுக்கு மேல இல்ல."

அடுத்த சிக்கல் பாத்திரம். நம் ஆய்வறையில் இருக்கும் வெந்நீர்த் தொட்டி கையளவுத் தகடுகளுக்குத்தான். ஃபிரேம் போகாது. ஃபரிடாதான் கேண்டீனை நினைத்தாள். அங்கே சமைக்கிற மலாய்க்கார அம்மா மாக்சிக்கிடம் ஓட்டை விழாத, ஆனால் நசுங்கிப்போன பழைய அண்டா ஒன்று இருந்தது. இரண்டு ஃபிரேம்களைத் தோளில் வைத்துக்கொண்டு நாங்கள் உள்ளே போனதும் மாக்சிக் கரண்டியோடு வெளியே வந்தார்.

"என்ன இது, இன்னைக்கு மோட்டார் சூப்பா?"

அண்டாவில் வெந்நீர் ஊற்றி, அடுப்பைச் சின்னதாக வைத்து, இரண்டு ஃபிரேம்களையும் தலைகீழாக உள்ளே நிறுத்தினோம். ஒன்று பூஜையன்று செய்தது. இன்னொன்று அதற்கு முந்தின நாள் செய்தது. வால் பக்கம் இரண்டும் மேலே நீட்டிக்கொண்டு, குளத்தில் தலையை விட்ட வாத்துகள் மாதிரி நின்றன.

இந்த இரண்டாவது ஃபிரேமை மறக்காதீர்கள். பூஜையன்று செய்ததை மட்டும் போட்டு அது கொப்பளித்திருந்தால், "வெந்நீர்ல போட்டா எதுதான் கொப்பளிக்காது?" என்று அண்ணன் கேட்டிருப்பார். கேட்டிருக்கவும் வேண்டும். சந்தேகப்படுகிற பொருளுக்குப் பக்கத்தில் சந்தேகப்படாத ஒன்றை எப்போதும் வையுங்கள்.

லாரி வந்தது. ஓட்டுநர் ஒரு தே தாரிக் குடித்தார். இன்னொன்று குடித்தார். செய்தி பரவி, இடைவேளைக்கு வந்தவர்கள் எல்லாம் அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"உப்பு போட்டாச்சா?"

"வெந்துருச்சான்னு குத்திப் பாரு."

"தங்கச்சி, ஒண்ணும் வரலன்னா எல்லாருக்கும் மீ கோரெங் உன் செலவு" என்றார் சேகர் அண்ணன். பழைய குரல் திரும்பியிருந்தது. ஆனால் அவரும் அண்டாவை விட்டு நகரவில்லை. பூங்கொடி அக்கா இரண்டு அடி தள்ளி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நின்றார். சாமியை யார் பக்கம் கூப்பிடுகிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மகனை அழைத்துவரக் கணவரைப் போகச் சொல்லிவிட்டு, முதல் தடவை தூக்கிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவையும் ஒன்றும் இல்லை. மீ கோரெங் நூடுல்ஸ் எத்தனை பொட்டலம் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. அதுகூடப் பரவாயில்லை. ஒன்றும் வரவில்லை என்றால் சந்தோஷப்பட வேண்டியவள் நான்தானே? லோடு நல்லது என்றுதானே அர்த்தம்? இருந்தாலும் மனதின் ஒரு மூலையில் கொப்புளம் வர வேண்டும் என்று நான் ஆசைப்படுவது தெரிந்தது. உங்களுக்கும் அப்படி வரும். வந்தால் உடனே பக்கத்தில் இருக்கிறவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். ஜெயிக்க ஆசைப்படுகிற கண்ணுக்கு இல்லாத கொப்புளமும் தெரியும். அதனால் மூன்றாவது தடவை நான் பார்க்கவில்லை. மிஸ்டர் லிம் இறங்கி வந்திருந்தார், அவரையே பார்க்கச் சொன்னேன்.

சேகர் அண்ணன்தான் இரண்டையும் தூக்கி, துணியால் ஒற்றி, கேண்டீன் மேசையில் படுக்க வைத்தார். மிஸ்டர் லிம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார்.

முந்தின நாள் ஃபிரேமில் முகம் பார்க்கலாம். பூஜையன்று செய்ததில் மூன்று வரிசைக் கொப்புளம். பொடியாக, ஆனால் தெளிவாக. நடுவில் வட்டம்.

அடுப்பில் தண்ணீர் சலசலத்தது.

மிஸ்டர் லிம் விரலால் அந்தக் கோடுகளைத் தடவினார். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் வட்டம். "இந்த டிசைன் எங்கேயோ பார்த்திருக்கேன்" என்று எப்போதும்போல் மலாயில் சொல்லிக்கொண்டே நிமிர்ந்தார். எதிரே குனிந்து நின்ற சேகர் அண்ணனின் நெற்றி அவர் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. அதைப் பார்த்தார். ஃபிரேமைப் பார்த்தார். மறுபடியும் நெற்றியைப் பார்த்தார்.

"சேகர், இது உன் தம்பியா?"

மாக்சிக்தான் முதலில் சிரித்தார். பிறகு ஃபரிடா. அப்புறம் யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. நான் மட்டும் சிரிக்காமல் நின்றேன் என்று பிறகு சொன்னார்கள். முந்தின நாள் ஃபிரேமில் ஒரு புள்ளியாவது இருக்கிறதா என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு அடங்கியதும் பூங்கொடி அக்கா முன்னால் வந்தார். "நான்தான் பாஸ் வெச்சேன். எல்லா ஃபிரேமுக்கும். அவருக்குத் தெரியாது. நல்லது நடக்கணும்னுதான் வெச்சேன்."

"இல்ல பாஸ், பொறுப்பு நான்தான்னு சொன்னேன்" என்றார் அண்ணன்.

மிஸ்டர் லிம் இருவரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "எல்லாமேவா?"

இப்போது உறுதியாகச் சொல்ல முடிந்தது. "அன்னிக்குச் செஞ்சது எல்லாம் பாஸ். மத்த நாள் செஞ்சது நல்லா இருக்கு."

அவர் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கேண்டீன் சன்னல் வழியாக அவர் முன்னும் பின்னும் நடப்பது தெரிந்தது. வாடிக்கையாளரிடம் என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. கையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தார். அதற்குள் அக்கா அந்தக் கொப்புளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் காதருகே, "பாத்தியா, தொடச்ச பிறகும் சாமி போகல. உள்ளேயேதான் இருந்திருக்கு" என்றார். தோற்றுப்போனவர் குரலாக அது இல்லை.

மிஸ்டர் லிம் திரும்பி வந்தார். "செவ்வாய்க்கிழமை. செவ்வாய் வரைக்கும் டைம் வாங்கியிருக்கேன். பெயிண்ட்டை உரிச்சு, மறுபடியும் குளிப்பாட்டி, மறுபடியும் அடிங்க."

பூஜையைப் பற்றி எல்லோரும் ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தோம். அவரே வாசல் பக்கம் கையைக் காட்டினார். அங்கே அவர் வைத்திருக்கும் சிவப்பு மாடத்தில் தினமும் ஆரஞ்சுப் பழம் படைப்பார்.

"என் சாமிக்கும் நான் பழம் வைக்கிறேன். அதைக் கொண்டுபோய் எஞ்சினுக்குள்ள போடறேனா? அடுத்த வருஷமும் பூஜை செய்யுங்க. பெயிண்ட் அடிச்சு முடிச்ச ஃபிரேமுக்கு வையுங்க."

சேகர் அண்ணன் வெளியே போய் லாரி ஓட்டுநரிடம் பேசினார். காலி லாரி திரும்பிப் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் பையை எடுத்தேன். வீட்டில் மகன் ஏற்கெனவே அப்பாவோடு வந்து, பொரித்த முட்டை சாப்பிட்டு, நான் வந்ததைக்கூடக் கவனிக்காமல் விளையாடிக்கொண்டிருந்தான். நான் இல்லாவிட்டால் உலகம் நின்றுவிடும் என்பதிலும் கொஞ்சம் சந்தேகம் வைத்துக்கொள்வது நல்லது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலை. இரண்டாவது ஷிஃப்டு ஆட்கள் கூப்பிடாமலே வந்தார்கள். உரித்த இரும்பு மறுபடியும் குளியலில் இறங்கி, சாம்பல் நிறத்தில் ஏறி வந்தபோது பூங்கொடி அக்கா புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு கொக்கியின் பக்கத்தில் காவல் நின்றார். அந்த வரிசைக்கு ஓர் அடி பக்கத்தில் யாரையும் விடவில்லை. என்னையும் விடவில்லை. "கண்ணால பாரு. கையைப் பின்னால கட்டிக்கோ" என்று அதட்டினார். உலர்ந்து வந்த முதல் ஃபிரேமை மறுபடியும் அண்டாவில் நிறுத்தினோம். சாயங்காலம் வரை ஊறியும் அதன் முகம் மாறவில்லை.

தங்கைகளே, தம்பி, உங்களுக்கு என்னைவிடத் தைரியம் இருக்கலாம். இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் இந்த வேலை செய்யலாம் என்பதைத்தான் சொல்ல வந்தேன். பயந்தவள் என்று பெயர் வாங்குவதில் நஷ்டம் இல்லை. பயத்தை மடியில் வைத்துத் தாலாட்டினால்தான் நஷ்டம். அதைக் கேள்வியாக்குங்கள். கேள்வியை இரும்பிடம் கேளுங்கள். பதில் வரும்வரை லாரி நிற்கட்டும். ஆட்களை மட்டும் குற்றவாளி ஆக்காதீர்கள். அன்று பூங்கொடி அக்காவிடம் நான் "ஏன் வெச்சீங்க?" என்று ஆரம்பித்திருந்தால், "எல்லாத்துக்கும்தான்" என்ற பதில் எனக்குக் கிடைத்திருக்காது. முகம் மலர்ந்து சொன்னதால்தான் முழுசாகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை லாரி வந்தது. அதே ஓட்டுநர். ஃபிரேம்கள் வரிசையாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. எல்லாச் சோதனையும் முடிந்து நான் கையெழுத்தும் போட்டாயிற்று. சேகர் அண்ணன் லாரிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஏற்றுகிறவர்களைக் கையால் நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"ஏத்தலாமா தங்கச்சி?"

அதுவரை எந்த லோடுக்கும் அவர் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். "இன்னும் ஒரு தடவை பார்த்துட்டு வரேண்ணா" என்றுதான் வந்தது.

யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. ஓட்டுநர் பக்கம் போய், கதவைத் தட்டி, எஞ்சினை அணைக்கச் சொன்னார்.